திருகைத் தொடுவதற்கு முன்

மரம் அறுக்கும் செயின்சா வழக்கத்தைவிடக் கீச்சென்று அலறுகிறது. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் ரேஸ் உடனே இறங்குவதில்லை. மரத்தில் வைத்து அழுத்தியதும் திணறி அணைந்துவிடுகிறது. பிளக்கைக் கழற்றினால் முனை பழுப்பாக இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள், அல்லது 'காத்து இழுக்குது' என்பார்கள். பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சிவிட்டது என்று பொருள். அடுத்த நிமிடமே ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும், கார்புரேட்டரின் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுவார்கள், சத்தம் சரியாகும், வேலை தொடரும். இந்த அவசரம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. போன வாரம்வரை ஒழுங்காக ஓடிய மெஷினின் கலவை திடீரென மாறியிருக்கிறது என்றால், எங்கோ பெட்ரோல் அடைபடுகிறது அல்லது எங்கோ காற்று புகுகிறது. திருகு அந்த இடத்தைக் காட்டித் தராது, மறைத்துவிடும்.

மறைப்பதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். செயின்சாவின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் தனியாக ஆயில் ஊற்ற வழி கிடையாது. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான், பல மெஷின்களில் லிட்டருக்கு 20 மில்லி, பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே மசகு. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் கூடவே குறையும். சூடு ஏறுகிற நேரத்தில்தான் ஆயிலும் வற்றுகிறது. சைலன்சர் பக்கமுள்ள பிஸ்டன் முகத்தில் நெடுக்குக் கீறல்கள் விழுந்து, கடைசியில் பிடித்துக்கொள்ளும். 'அப்படியானால் ஆயிலைக் கூட்டி ஊற்றலாமே' என்று பலரும் நினைப்பார்கள். கார்புரேட்டரின் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் போகும் திரவத்தின் அளவு ஏறக்குறைய அதேதான். அதில் ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். கலவை இன்னும் லீன் ஆகும்.

தேடலைச் செலவில்லாத இடத்தில் தொடங்கலாம். சில நிமிடம் நன்றாக ஓடி அணைந்தால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு மெஷின் பழையபடி ஓடினால், டேங்குக்குள் காற்று வரும் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் பெட்ரோல் டியூபின் நுனியில் தொங்கும் ஃபில்டரைக் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்துப் பார்க்கலாம். டியூபை வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வாய் திறக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு புதிதில் துவண்டு வளையும். பழசானால் விறைத்து, விரலால் அழுத்தினால் சரசரக்கும். விறைத்த டயாபிரம் போதிய பெட்ரோலை விடாது. வருடத்தில் சில நாள் மட்டும் ஓடி, மிச்ச நாளெல்லாம் பழைய பெட்ரோலோடு தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கும் மெஷின்களில் இது சாதாரணம்.

காற்று புகும் வழிதான் கொடியது. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் கிழியலாம். கிராங்க் ஷாஃப்ட்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல் தேயலாம். கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்கும் துடிப்பில்தான் கார்புரேட்டரின் பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது. ஆகவே அந்த அறையில் ஓட்டை விழுந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைவதோடு, பெட்ரோலை இழுக்கும் துடிப்பும் தளர்கிறது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. டேங்கை நிரப்பி, செயின் பிரேக்கைப் போட்டு, ஐட்லிங்கில் ஓடவிட்டு, மெஷினை இடம் வலமாகவும் முன்னும் பின்னுமாகவும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்க்கும்போது மட்டும் ரேஸ் ஏறினால் சீலையோ ரப்பர் குழாயையோ சந்தேகப்படலாம்.

'திருகைத் திறந்தபிறகு ஒரு மாதம் நன்றாக ஓடியதே' என்பது அனுபவத்திலிருந்து வரும் வாதம், ஒதுக்கிவிட முடியாது. ஓடும்தான். ஆனால் திருகு ஓர் அளவில் நிற்கிறது. ஓட்டையோ சூட்டுக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறுகிறது, நாளுக்கு நாள் வளர்கிறது. ஐட்லிங்கில் சரியாகத் தெரியும் கலவை முழு வேகத்தில் மறுபடி லீன் ஆகலாம். பிஸ்டனுக்கு ஆபத்து அந்த முழு வேகத்தில்தான்.

திருகுதான் சரியான மருந்து என்ற சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியில் டியூன் செய்த மெஷினை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால், கீழே காற்று அடர்த்தி கூடுதல் என்பதால் லீனாகத்தான் ஓடும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலும் அப்படியே. எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது. கார்களில் இருப்பதுபோல் அதை உணர்ந்து சரிசெய்யும் சென்சார் சாதாரண கார்புரேட்டருக்குக் கிடையாது. பழைய ரப்பர் பாகங்களையும் எத்தனால் பதம் பார்க்கும். கலவைக்குச் சம்பந்தமே இல்லாத காரணமும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் சூடான பிறகு மட்டும் அணைந்தால், அணைந்த உடனே பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் படுத்துவிடும் இக்னிஷன் காயிலும் இதே வேடம் போடும்.

இவற்றில் எதுவும் பிடிபடவில்லை என்றால் அழுத்தச் சோதனை வேண்டும். இன்டேக் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, கை பம்பால் கிராங்க் அறைக்குள் அரை பார் அழுத்தம் ஏற்றுவார்கள். பிறகு அதே பம்பால் காற்றை உறிஞ்சியும் பார்ப்பார்கள், ஏனென்றால் சில சீல்கள் உள்நோக்கி மட்டுமே கசியும். பம்பின் அழுத்தமானி முள் இறங்காமல் நின்றால் திருகைத் தாராளமாகத் தொடலாம். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி கிளம்பும் இடத்தைப் பிடித்து, அந்தப் பாகத்தை மாற்றியபிறகே டியூனிங்.