ஆடவர் உடல்நலமும் பொது வைத்தியமும்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி வைத்தியசாலைகள் பலவற்றுக்கும் செல்கின்றது. ஆயினும், இவ்வட்டாரத்தில் தறியிலும் தோட்டத்திலும் உழைக்கும் ஆடவர் பலர் நோய் முற்றும்வரை வைத்தியசாலைப் படியேறுவதில்லை.

பெண்டிர்க்குப் பேறுகாலப் பரிசோதனையிலேனும் இரத்த அழுத்தம் அளக்கப்படுகின்றது. ஆடவர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் தொடக்கத்தில் வலி தருவதில்லை. ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். அன்று தறியும் நிற்கும், ஏரும் நிற்கும். குடும்பம் கடனில் ஆழும்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து மாத்திரை அளிக்கின்றனர். ஆனால், பகலில் ஆடவர் வீட்டில் இருப்பதேது?

ஆகவே, காய்ச்சலுக்கோ கைக்காயத்துக்கோ வரும் 30 வயது கடந்த ஆடவர் எவரையும் இரத்த அழுத்தம் பாராமல் வைத்தியர் அனுப்பலாகாது. அளவு 140க்கு 90 எனக் காணின், மறுமுறையும் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிச் சங்கங்களும் கூலிப் பட்டுவாடா நாளில் சுகாதாரப் பணியாளரை அழைத்துப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம்.

இழை தளரும்பொழுதே கவனிக்கும் அங்கத்தினர்கள், தம் உடலையும் அவ்வாறே கவனிப்பார்களாக.