வில்லன் முதலில் வந்த இதழ்

போன வருஷம் ஒரு பழைய காமிக்ஸ் வாங்கி ஏமாந்தேன். லயன் காமிக்ஸ் 1984இல் வெளியிட்ட ‘எத்தனுக்கு எத்தன்’. ஸ்பைடர் தமிழில் முதன்முதலாகத் தலைகாட்டிய புத்தகம். எவ்வளவு கொடுத்தேன் என்பதை எழுதப்போவதில்லை, வீட்டில் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள்.

இந்த ஸ்பைடர் சிலந்தி கடித்த பள்ளிக்கூடப் பையன் இல்லை. கூர்மையான காது, கறுப்பு உடுப்பு, வலை வீசும் துப்பாக்கி என்று திரிகிற பிரிட்டிஷ் ஆசாமி. 1965 ஜூனில் இங்கிலாந்தின் ‘லயன்’ வார இதழில் அறிமுகமானபோது அவன் பக்கா வில்லன். பெட்டகம் உடைப்பதில் கெட்டிக்காரனான ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் சேர்த்துக்கொண்டு குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக நினைத்தவன். பிறகுதான் மற்ற வில்லன்களை ஒழிக்கிற வேலைக்குத் திரும்பினான். அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்.

அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் ‘கீ இஷ்யூ’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு பாத்திரம் முதலில் வந்த இதழ், முக்கியமான ஒருவர் செத்த இதழ், இந்த மாதிரி. அதில் வில்லன்களுக்குத் தனி மவுசு. 1940இல் வந்த ‘பேட்மேன்’ முதல் இதழில்தான் ஜோக்கர் அறிமுகம், கேட்வுமனும் அதே இதழில். அந்த இதழிலேயே ஜோக்கரைக் கொன்றுவிடத்தான் முதலில் திட்டம். எடிட்டர் தடுத்து, ஆள் பிழைத்துவிட்டான் என்று கடைசியில் ஒரு கட்டம் சேர்க்க வைத்தார். 2021 ஜனவரியில் அந்த இதழின் ஒரு பிரதி 22 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. டாக்டர் டூம் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 5ஆம் இதழ் (1962), கிரீன் காப்ளின் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 14ஆம் இதழ் (1964) எல்லாம் இதே ரகம்.

நம்ம ஊரில் இந்தக் கணக்கு கொஞ்சம் விசித்திரமாக வருகிறது. தமிழ் காமிக்ஸ் வாசகர் உயிரைக் கொடுத்துத் தேடுகிற இரண்டு முதல் இதழ்களுமே, ஹீரோவாக மாறிய வில்லன்களுடையவை. ஒன்று ஸ்பைடர். இன்னொன்று 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழ், ‘இரும்புக்கை மாயாவி’. மாயாவியை நாமெல்லாம் நல்லவனாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் ‘வேலியன்ட்’ இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய அந்த முதல் கதையில் லூயிஸ் கிராண்டல், மின்சாரம் தாக்கி உடம்பு மறைந்ததும் செய்கிற வேலை கொள்ளை. ஒற்றை இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து வந்து பணத்தை அள்ளும். திருந்துவதெல்லாம் அப்புறம்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கு. இங்கிலாந்தில் இவை வாரம் இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர்கள். அதனால் ‘வேலியன்ட்’ முதல் இதழை லண்டனில் ஒருவர் பெரும்பணம் கொடுத்து வாங்கினாலும் அவர் கையில் இருப்பது கதையின் ஆரம்பத் துண்டுதான். முழுக்கப் படிக்க அடுத்தடுத்த வாரங்களையும் தேடணும். முத்து காமிக்ஸ்காரர்கள் அந்த வாரங்களையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகக் கொடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் தாமதமாக வந்த மொழிபெயர்ப்புதான். ஆனாலும் ஒரு வில்லனின் பிறப்பு முழுசாக ஒரே அட்டைக்குள் இருப்பது தமிழ்ப் பிரதியில். இதை ‘வெறும் மறுபதிப்பு’ என்று தள்ளுகிறவர்களோடு நான் சண்டை போடத் தயார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அமிர்தியில் நான் சிறுவனாக இருந்தபோது காமிக்ஸ் வாங்க வேலூர்தான் போகணும், இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ். அப்படிச் சேர்த்ததையெல்லாம் நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன கையோடு பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதில் ‘எத்தனுக்கு எத்தன்’ இருந்தது. நாற்பதைத் தாண்டியபின் அதைத் திரும்பப் பிடிக்கணும் என்ற வெறி வந்ததற்கு அதுதான் காரணம்.

புத்தகம் கூரியரில் வந்த வாரம் ஆம்பூர் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது வருஷம் டேனரியில் செலக்ஷன் பார்த்தவர். தோலை வெளிச்சத்துப் பக்கம் விரித்து, ஓட்டை, கத்தி வெட்டு, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கிற வேலை. காமிக்ஸ் படித்தவரே இல்லை. புத்தகத்தை வாங்கி அட்டையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“இது வேற அட்டை, தம்பி” என்றார்.

எப்படி மாமா என்றேன். முதல் பக்கத்தில் பின் இருந்த இடத்தில் துரு இறங்கிப் பழுப்புக் கறை படிந்திருந்தது. அதோடு ஒட்டிக் கிடந்த அட்டையின் உள்பக்கம் பளிச்சென்று இருந்தது. “நாற்பது வருஷம் ஒண்ணா இருந்திருந்தா இதுலயும் கறை ஏறியிருக்கணும் இல்ல?” தாளில் பழைய பின் குத்திய ஓட்டை ஒரு ஜோடி, புதுசு ஒரு ஜோடி. ஓட்டையை எண்ணுவது அவருக்குப் பழக்கம்.

அப்புறம் நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆஃப்செட்டில் அச்சான அட்டையில் கறுப்பு எழுத்து திடமாக, ஓரம் சுத்தமாக நிற்கும். படங்களில் நிறப்புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டதில் எழுத்தின் ஓரமே புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும். என்னுடையதில் தலைப்பெழுத்தே சிதறியிருந்தது. உள்ளே இருந்த தாள் மட்டும் அசல். பழுத்து, மடித்தால் ஒடிகிற அதே நியூஸ்பிரிண்ட்.

மாமா ஒரு வார்த்தை சொன்னார்: கரெக்டட் கிரெய்ன். தழும்பு நிறைந்த தோலின் மேல்பரப்பைத் தேய்த்து, பெயின்ட் பூசி, இயந்திரத்தில் போலி ரேகை பதித்து அனுப்புவார்கள். தப்பில்லை, சொல்லி விற்கணும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2000இலிருந்து காமிக்ஸுக்குத் தரம் போடும் சி.ஜி.சி. நிறுவனமும் இதையேதான் செய்கிறது. 0.5இலிருந்து 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி அனுப்புவார்கள். பழுதுபார்த்து மெருகேற்றிய பிரதி என்றால் ஊதா நிற லேபிள் ஒட்டிவிடுவார்கள். விலை தானாக இறங்கும். தமிழ்ப் புத்தகங்களுக்கு அப்படி யாரும் இல்லை. விற்பவர் வாக்குதான், மொபைலில் எடுத்த போட்டோதான்.

ஆகவே வாங்க நினைக்கிறவர்கள் அட்டையின் போட்டோவோடு நின்றுவிடாதீர்கள். நடுப்பக்கப் பின், அட்டையின் உள்பக்கம், முதல் பக்கம் மூன்றையும் அருகில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். வாடகை நூலக முத்திரை, பேனாவில் எழுதிய பெயர் இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம், அது பழசு என்பதற்கு நல்ல சாட்சி. கதையைப் படிக்க மட்டும்தான் ஆசை என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். மாயாவி கதைகள் காமிக்ஸ் கிளாசிக்ஸ் மறுபதிப்பில் வந்திருக்கின்றன. ஸ்பைடரின் ஆரம்பக் கதைகளை ஆங்கிலத்தில் டைட்டன் நிறுவனம் 2005இல் ‘கிங் ஆஃப் குரூக்ஸ்’ என்று தொகுத்திருக்கிறது.

விற்றவருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை, உள்ளே இருப்பது அசல் ஆயிற்றே. அட்டையைக் கழற்றித் தனி உறையில் போட்டு, பின்பக்கம் பென்சிலால் ‘நகல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு யார் கைக்குப் போகுமோ. இப்போது தேடிக்கொண்டிருப்பது, உள்தாள் செல்லரித்துப் போய் அட்டை மட்டும் மிஞ்சிய ஒரு பிரதி.