பிள்ளை பிறந்த பிறகு புருஷன் பெண்சாதிக்குள் என்ன நடக்குது?

"பிள்ளை ஒண்ணு பொறந்தா எல்லாம் சரியாயிடும்." கல்யாணமான புதுசில் சின்னச் சண்டை வந்தால் லயத்துப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் இது. நல்ல மனசோடுதான் சொல்றாங்க. ஆனால் பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்து அதே காம்பராவில் கேட்டுப் பாருங்க. "முன்னே மாதிரி இல்லீங்க, எதுக்கெடுத்தாலும் எரிச்சலா வருது" என்பார்கள். யார் மேல் பிழை? பெரும்பாலும் யார் மேலும் இல்லை. பிள்ளை வந்தால் இரண்டு பேர் வாழ்க்கையும் ஒரேயடியாக மாறுகிறது. அந்த மாற்றம் இன்னதென்று தெரியாததால்தான் ஒருவரை ஒருவர் குறை சொல்கிறோம்.

இதை விளங்கிக்கொள்ள மன்னார்ப் பக்கம் ஒரு முறை போய் வருவோம். மன்னார் நமக்கு அந்நிய இடம் இல்லை. நம் முன்னோர் பலர் அந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவர்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. இன்றைக்கும் மடு மாதா திருவிழாவுக்கு நம்ம ஆட்கள் போறாங்க. மன்னார்க் கருவாடு நம்ம சட்டிக்கு வருது.

இரண்டு ஊர், இரண்டு வழக்கம்

பேசாலை, வங்காலை, அரிப்பு போன்ற ஊர்களில் கடல்தான் பிழைப்பு. கடலுக்குப் போவதை அங்கே "தொழிலுக்குப் போறது" என்பார்கள். புருஷன் இரவெல்லாம் வலையோடு கடலில் இருப்பான். பச்சைப் பிள்ளை விடிய விடிய அழும்போது அவன் வீட்டில் இல்லை. ஆனால் தாய் தனியாக இருப்பதில்லை. அந்தப் பக்கம் பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அதனால் பிள்ளை பெற்றவளின் அம்மாவும் அக்கா தங்கச்சிமாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பால் சுரக்கச் சுறா வறை ஆக்கிக் கொடுப்பார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது முதல் துணி தோய்ப்பது வரை அவர்கள் கையில்.

அப்படியானால் அங்கே பிரச்சினை இல்லையா? உண்டு. அது புருஷன் பக்கம். விடியக் கரைக்கு வந்து, மீனை விற்று, வீட்டுக்கு வந்தால் உள்ளே நாலு பெண்கள் பிள்ளையைச் சுற்றி இருக்கிறார்கள். "ஆம்பளைக்கு இது தெரியாது, தள்ளி நில்லுங்க." அவனுக்கு அது பெண்சாதி வீடு. பிள்ளை வந்த பிறகு இன்னும் கொஞ்சம் வெளி ஆளாகிவிடுகிறான். சில பேர் அந்த வெறுமையைக் கள்ளுக் குடித்து நிரப்புகிறார்கள்.

நம்ம தோட்டத்தில் கதை தலைகீழ். பெண் புருஷன் லயத்துக்கு வருகிறாள். 10 அடிக்கு 12 அடி காம்பரா. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன், நடுவில் ஒரு சீலை மறைப்பு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் கைப்பிள்ளையோடு திரும்பி வரும்போது, வெளி ஆள் மாதிரி உணர்வது அவள்தான். "பிள்ளைக்குப் பால் பத்தலை", "இப்படியா தூக்குறது" என்று ஆளுக்கொரு பேச்சு. புருஷன் அம்மா பக்கம் பேசுவதா, பெண்சாதி பக்கம் பேசுவதா என்று தெரியாமல் வெளியே எழும்பிப் போகிறான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்க. பிள்ளை பிறந்ததும் யாருடைய வீட்டில் இருக்கிறோம் என்பது பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கிறது. தன் ஆட்கள் பக்கத்தில் இல்லாதவருக்கு மனசு வாடுகிறது. அது குணக்கேடு இல்லை. மன்னாரில் மருமகனுக்கு நடப்பதும் தோட்டத்தில் மருமகளுக்கு நடப்பதும் ஒன்றுதான்.

தாய் வீடே இல்லாமல் போனவர்கள்

1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து கப்பல் ஏறியவர்களில் பல பேர் கட்டிக்கொடுத்த மகளை இங்கே விட்டுப் போன தாய்மார். 1984இல் கப்பலும் நின்றது. அந்த மகள்மாருக்குப் பிள்ளை பிறந்தபோது போக ஒரு தாய் வீடு இல்லை.

1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியா, மன்னார்ப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம ஆட்களுக்கும் அதே நிலைதான். பிறகு யுத்தம். 1990களில் மடுக் கோயில் வளவில் அகதிகளாக இருந்த எத்தனையோ இளம் தம்பதிகள் படங்கு விரிப்புக்குக் கீழே பிள்ளை வளர்த்தார்கள். பக்கத்துக் குடிசைக்காரியை அக்கா என்றும் பெரியம்மா என்றும் கூப்பிட்டு உறவாக்கிக்கொண்டுதான் இப்படிப்பட்டவர்கள் பிழைத்தார்கள். பிள்ளை வளர்க்க இரத்த உறவு மட்டும் போதாது, கை கொடுக்கும் உறவு வேணும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

ரொட்டிக் கணக்கு

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் பிலிப் கோவன், கரோலின் கோவன் என்ற கணவன் மனைவி 1979இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். முதல் பிள்ளையை எதிர்பார்த்திருந்த 72 தம்பதிகளையும், பிள்ளை பற்றி இன்னும் தீர்மானிக்காத 24 தம்பதிகளையும் பல வருசம் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு வட்டம் வரையச் சொன்னார்கள். "நான் யார்? தாயா, தகப்பனா, புருஷனா, பெண்சாதியா, தொழிலாளியா? மனசில் எது எவ்வளவோ, அந்த அளவுக்குத் துண்டு போடுங்க" என்றார்கள்.

நாம் அதை ஒரு ரொட்டி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பிறந்த பிறகு பெண்ணின் ரொட்டியில் "தாய்" என்ற துண்டு மிகவும் பெருத்துவிட்டது. ஆணின் ரொட்டியில் "தகப்பன்" துண்டு அந்த அளவுக்குப் பெருக்கவில்லை. இரண்டு பேர் ரொட்டியிலும் "புருஷன்", "பெண்சாதி" என்ற துண்டு சிறுத்துப்போனது. இன்னொன்றும் தெரிந்தது. பிறப்பதற்கு முன்னே "வேலையைப் பாதி பாதி செய்வோம்" என்று நினைத்தவர்கள் வீட்டிலும், பிறந்த பின்னே இருவரும் எதிர்பார்த்ததைவிட அதிக வேலை தாய் தலையில்தான் விழுந்தது. மனத்தாங்கல் அங்கேதான் முளைக்கிறது.

நம்ம வீட்டில் இது எப்படி நடக்குது? பச்சைப் பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அதில் பாதி இரவில். தாய்க்குத் தொடர்ந்து மூன்று மணி நேரத் தூக்கம்கூட இல்லை. பிறகு பெரட்டுக்குப் போகிறாள், கூடையோடு மலை ஏறுகிறாள், திரும்பி வந்து அடுப்பு மூட்டுகிறாள். அந்த நேரத்தில் "சோறு இன்னும் ஆகலையா?" என்று ஒரு வார்த்தை வந்தால், சட்டி விழும் சத்தம் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். பேசினது சோற்றைப் பற்றி. வலித்தது வேறு இடத்தில்.

சட்டம் தரும் நேரம்

மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி 84 நாள் விடுமுறை உண்டு. மூன்றாம் பிள்ளைக்கு நாள் குறைவு என்றிருந்தது 2018இல் திருத்தப்பட்டது. இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள்தான். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணி. இது தயவு இல்லை, உரிமை. இதைக் கேட்டு வாங்குவதில் புருஷனும் பெண்சாதிக்குத் துணை நிற்க வேணும்.

செய்யக்கூடியவை

1. பிள்ளை பிறக்க முன்னமே உட்கார்ந்து பேசுங்க. பீலியில் தண்ணி பிடிப்பது யார், விறகு யார், இரவில் பிள்ளைத் துணி மாற்றுவது யார் என்று பெயர் வைத்துப் பிரியுங்க. "உதவி செய்றேன்" என்பது வேறு, "இது என் வேலை" என்பது வேறு.

2. தகப்பன் பால் கொடுக்க ஏலாது. ஆனால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டலாம், குளிப்பாட்டலாம், தூங்க வைக்கலாம். பெரியவங்களே, அவன் தூக்கும்போது பிடுங்காதீங்க. தூக்கத் தூக்கத்தான் பழகும்.

3. மாமியார் மருமகள் பேச்சில் மகன் ஒதுங்கிப் போகக் கூடாது. "அம்மா, நீங்க சொல்றது நல்லதுக்குத்தான். நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்றோம்" என்று மரியாதையாகச் சொல்லலாம்.

4. காது குத்துக்கு வரும் தாய்மாமனையும், ஞானஸ்நானத்துக்கு வரும் ஞானப் பெற்றோரையும் அன்றைக்கு மட்டும் கூப்பிடாதீங்க. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க. அந்த நேரம் நீங்க இருவரும் பேச, அல்லது சும்மா தூங்க.

5. பெண்சாதியின் சம்பளம் அவள் கைக்கு வரட்டும். பால்மாவா, கடனா, சீட்டா என்று இருவரும் சேர்ந்து கணக்குப் பாருங்க.

6. தாம்பத்திய உறவுக்கு அவசரப்படாதீங்க. உடம்பும் மனசும் ஆற வேணும். பெண் சம்மதித்தால்தான். குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் குடும்பநல மாதுவிடம் இருவரும் சேர்ந்தே கேளுங்க.

பிள்ளை பெற்ற முதல் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்தில் தணியும். தணியாமல் இருந்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், சாகலாம் போல் தோன்றினால், அது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. மருந்தும் ஆறுதலும் உள்ள நோய். தகப்பனுக்கும் இப்படி மனச்சோர்வு வரலாம். குடும்பநல மாதுவிடம் சொல்லுங்க, அல்லது மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்குப் பேசுங்க. வீட்டில் அடி உதை இருந்தால் பெண்களுக்கான இலக்கம் 1938.

இன்றிரவு ரொட்டி சுடும்போது ஆளுக்கொரு ரொட்டியை எடுத்துத் துண்டு போட்டுப் பாருங்க. "என்னாங்க, உங்க ரொட்டியில நான் எவ்வளவு இருக்கேன்?" என்று கேளுங்க. சிரிப்பும் வரும், கொஞ்சம் கண்ணீரும் வரலாம். துண்டு சிறுத்திருந்தால் கோபிக்க வேண்டாம். எல்லா வீட்டிலும் சிறுக்கும். சிறுத்ததை இரண்டு பேரும் தெரிந்துகொண்டால், அதைத் திரும்பப் பெருக்க வழி பார்க்கலாம்.