தண்டம் யார் தலையில்?

"அக்கா, போனமுறை தோட்டை அடகு வைச்சுக் கட்டினன். இந்தமுறை வைக்க ஒண்டுமில்லை."

கற்பிட்டியில் கருவாட்டு வாடியொன்றின் வாசலில் நின்று அவள் சொன்னாள். 1990இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்திறங்கிய குடும்பம். கணவர் மீன் லொறிச் சாரதி. குடித்துவிட்டு பாலாவி வீதியில் ஓடி இரண்டாம் தடவை பிடிபட்டிருக்கிறார். முதல் தடவை 25,000 ரூபா தண்டம். அனுமதிப்பத்திரமும் சில மாதம் தடை. உழைப்பு நின்றது, குடி நிற்கவில்லை.

குடித்தவர் அவர், தோடு இழந்தவள் இவள். நம் நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் தண்டம் கட்ட வழியற்றவர்களே.

வேறு வழி உண்டா? உண்டு. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்படி, இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில், சிறைக்குப் பதிலாக நீதவான் ஒரு கட்டளை இடலாம். ஊருக்கு ஊதியமில்லாத வேலை, ஆலோசனை, குடிக்குச் சிகிச்சை என்று அது அமையும். மீறினால் மீண்டும் நீதிமன்றம்தான். சாரதி அனுமதித் தடை இதனால் நீங்கும் என்று எண்ண வேண்டாம். உயிர்ச்சேதம் நேர்ந்திருந்தால் விடயமே வேறு. அங்கே நானும் இரக்கம் கேட்க மாட்டேன்.

"புனர்வாழ்வு" என்றதும் அவள் முகம் கறுத்தது. 2009க்குப் பின் சுமார் 12,000 பேரை முகாம்களில் வைத்த சொல்லல்லவா அது! இது அதுவல்ல, வீட்டிலிருந்தே போய்வரும் ஏற்பாடு என்று விளக்க அரைமணி நேரம் சென்றது.

அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் 2005இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிடிபட்டவர் தினமும் காலையும் மாலையும் ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் உடனே ஓரிரு நாள் சிறை. பெரிய தண்டனையை விட, தப்பாமல் வரும் சிறிய தண்டனை அங்கே பலன் தந்தது. நமக்கு அவ்வளவு வசதியில்லை. ஆனாலும் வழக்குக்கு முன்பே சட்டத்தரணியிடம் இந்தக் கட்டளையைக் கேட்கும்படி சொல்லலாம்.

இன்னொன்று, சகோதரிகளே. நெடுநாள் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். நடுக்கமும் வலிப்பும் வந்து உயிராபத்தாகலாம். அரசாங்க வைத்தியசாலைக்கே கூட்டிப் போங்கள்.

"அவர் வரமாட்டன் எண்டா?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வழக்கு அடுத்த மாதம். நானும் கூடப் போகிறேன்.