கோடு தெரியுதா, தெரியலையா? சிவப்பணு வெடிப்பதை வைத்து தலசீமியாவைச் சலிக்கும் எளிய பரிசோதனை

சித்திரை வெயில் கொளுத்தும் நாட்களில், மதுரை கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் வேண்டுகோள் இது: "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விடுங்க டாக்டர்." பல நேரங்களில் ஏறுவது குளுக்கோஸ் அல்ல, நார்மல் சலைன். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த தண்ணீர். நம் ஊரில் தொங்கும் பாட்டில் எல்லாமே குளுக்கோஸ்தான்!

உடம்பில் வற்றியது தண்ணீர் என்றால், சுத்தமான தண்ணீரையே ஏற்றினால் என்ன? ஏற்றினால் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் உப்பி வெடித்துவிடும்.

சிவப்பணுவைச் சுற்றியுள்ள சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும், உப்பை அப்படி விடாது. வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் உள்ளே பாயும். வெளியே உப்பு கூடினால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறி அணு சுருங்கும். உப்பில் கிடக்கும் மாவடு சுருங்குவதும், தண்ணீரில் போட்ட உலர் திராட்சை புடைப்பதும் இதே கணக்குதான். இதற்கு சவ்வூடு பரவல் என்று பெயர்.

தண்ணீர் எப்படி இவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரே சிவப்பணுச் சவ்வில் ஒரு புரதத்தைக் கண்டார். அதைத் தயாரிக்கும் மரபுக் கட்டளையைத் தவளை முட்டைக்குள் செலுத்தி, உப்பு குறைந்த நீரில் போட்டார் அவரது குழுவினர். முட்டை உப்பி வெடித்தது. அந்தப் புரதம்தான் தண்ணீருக்கான வாசல் என்று 1992-ல் உறுதியானது. 2003-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எப்போது வெடிக்கும்?

சிவப்பணு உருண்டை அல்ல. இருபுறமும் குழிந்த தட்டு. பாதி நிரம்பிய நெல் சாக்கு போல, இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்க அதில் இடம் இருக்கிறது. தண்ணீர் புகப் புகக் குழி நிரம்பி உருண்டையாகும். அதற்கு மேல் சவ்வு அதிகம் விரியாது, கிழிந்துவிடும். 0.9 சதவீத உப்பு நீரில் அது இயல்பாக இருக்கும். ஏறக்குறைய 0.5 சதவீதத்துக்குக் கீழே வெடிக்கத் தொடங்கும். 0.3 சதவீதத்தை நெருங்கும்போது அநேகமாக எல்லாமே வெடித்திருக்கும்.

எல்லோருடைய அணுவும் ஒன்று போல் வெடிப்பதில்லை. மருத்துவத்துக்குப் பயன்படுவது இந்த வித்தியாசம்தான். பிறவியிலேயே உருண்டையாக அமைந்த அணுக்களில் கூடுதல் இடம் இல்லை, சீக்கிரம் வெடிக்கும். தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களின் அணுக்கள் நேர்மாறு. உள்ளே ஹீமோகுளோபின் குறைவு, தட்டையான மெல்லிய அணு, நிறையத் தண்ணீரைத் தாங்கும்.

இந்தக் குணத்தை வைத்து ஒரு மலிவான பரிசோதனை இந்தியாவில் புழக்கத்தில் இருக்கிறது. பெயர் நெஸ்ட்ராஃப்ட். ஒரு கண்ணாடிக் குழாயில் 0.36 சதவீத உப்புக் கரைசல் 2 மில்லி. அதில் ஒரு சொட்டு ரத்தம். அரை மணி நேரம் கழித்து, குழாய்க்குப் பின்னால் கருப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளைப் பிடிப்பார்கள். அணுக்கள் வெடித்திருந்தால் கரைசல் தெளிந்த சிவப்பாக இருக்கும், கோடு பளிச்செனத் தெரியும். வெடிக்காமல் மிதந்தால் கலங்கலாக இருக்கும், கோடு மறையும். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

கோடு மறைந்தால் தலசீமியா என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இரும்புச்சத்துக் குறைவிலும் அணுக்கள் இப்படி வெளிறிப் போகும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உண்டு. அதனால் இது ஒரு சல்லடை மட்டுமே. ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனைதான் உறுதி செய்யும்.

மதுரைப் பக்கம் இது ஏன் முக்கியம்?

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று சுற்று வட்டாரம் முழுக்க அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டுவது வழக்கம். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த மரபணு, கணவன் மனைவி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு இதில் கூடுகிறது. சுமப்பவருக்கு நோய் எதுவும் இல்லை, லேசான ரத்தசோகையோடு சரி. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று இருந்துவிடுவார். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம், அதாவது நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு தலசீமியா மேஜர் வரும் ஆபத்து. அந்தக் குழந்தைக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தால் சேரும் இரும்பை வெளியேற்றவும் தனியாக மருந்து. கூலி வேலைக்குப் போகும் குடும்பம் மாதாமாதம் அதற்காக வேலையை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும்.

ஆகவே திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ பார்த்துவிடுவது நல்லது. மனைவி சுமப்பவர் என்று தெரிந்தால் உடனே கணவருக்கும் பரிசோதனை. அவருக்கு ஹீமோகுளோபின் குறைபாடு எதுவும் இல்லையென்றால் குழந்தைக்கு தலசீமியா மேஜர் வராது. இருவருமே சுமப்பவர்கள் என்றால், கரு 10, 12 வாரமாக இருக்கும்போதே அதற்கு நோய் உண்டா என்று கண்டறிய முடியும்.