நேர்முகப் பரீட்சைக்குப் பின் ஒரு நன்றிச் செய்தி

சென்ற வருடம் நமது கடைக்குக் கணக்கு எழுத ஒருவர் தேவைப்பட்டார். மூன்று பிள்ளைகள் நேர்முகப் பரீட்சைக்கு வந்தார்கள். அவர்களில் இருவர் சரிசமம். யாரை எடுப்பது என்று இரவு வரை யோசித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. “நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி சேர். கடன் கொப்பி பதியாமல் தேங்கிக் கிடப்பதாகச் சொன்னீர்கள். வேலை கிடைத்தால் அதை முதலில் சரிசெய்து தருவேன்.” அவ்வளவுதான். மறுநாள் அவரையே எடுத்தேன்.

ஒரு கோப்பை தேநீர் தந்தவருக்கும் ‘ஜஸாக்கல்லாஹ்’ சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் நேர்முகப் பரீட்சைக்குப் பின் நன்றி எழுதும் வழக்கம் அமெரிக்கா போன்ற நாடுகளில் உள்ளதுபோல் நம்மிடம் இல்லை. சுனாமிக்குப் பின் 2005 இல் தொண்டு நிறுவனங்கள் கல்முனைப் பக்கம் ஆளெடுத்தபோது நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் நேர்முகப் பரீட்சைக்கு முகம் கொடுத்தார்கள். இன்று ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் கொழும்புக் கம்பனிகளுக்கும் வளைகுடாவுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய முறை இதுதான்.

அன்று மாலை அல்லது மறுநாளைக்குள் அனுப்ப வேண்டும். நாலைந்து வரி போதும். பேசியவரின் பெயரைப் பிழையின்றி எழுத வேண்டும். அவர் சொன்ன ஒரு விடயத்தைக் குறிப்பிட்டு, அதில் தன்னால் என்ன செய்ய முடியும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சம்பளப் பேச்சை அதில் கிளறக் கூடாது. கம்பனி என்றால் மின்னஞ்சல், கடை முதலாளிக்கு வட்ஸ்அப் போதும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு தடவை விசாரிக்கலாம். தினமும் கோல் எடுத்தால் கிடைக்க இருந்த வேலையும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. அரச வேலைக்கு இது பொருந்தாது. அங்கே புள்ளித் திட்டப்படியே தெரிவு நடக்கிறது. செல்வாக்குத் தேடுவது தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்று பல விளம்பரங்களிலேயே எழுதியிருப்பார்கள். நேர்முகக் குழு உறுப்பினரைத் தேடிப்பிடித்து நன்றி அனுப்பினால் அது சிபாரிசு தேடுவதாகத் தெரியலாம். எழுந்து வரும்போது வாயால் சொல்லும் நன்றியே போதும்.

தகுதி இல்லாதவருக்கு எந்தச் செய்தியும் வேலை வாங்கித் தராது. இருவர் சமமாக நிற்கும்போதுதான் அது தராசைச் சாய்க்கும்.

இனி நம் பக்கம். அந்த மூவரில் ஒருவரை எடுத்தேன், மற்ற இருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஹாஜியார், மகன் உங்கட கோலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். அக்கரைப்பற்றில ஒரு வேலை வந்திச்சி, வேணாண்டுட்டான்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பிள்ளை நன்றிச் செய்தி அனுப்பவில்லை என்று குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

இப்போது ஆளெடுத்த அன்றே மற்றவர்களுக்கும் இரண்டு வரி அனுப்புகிறேன்: “வந்ததற்கு நன்றி மகன், இம்முறை வேறொருவரை எடுத்துவிட்டோம், வேறு இடம் பாருங்கள்.” அனுப்ப ஒரு நிமிடம் செல்லாது. கடை வைத்திருக்கும் சகோதரர்களே, நீங்களும் இதைச் செய்யுங்கள்.