'நீ செஞ்சது சரி!' - ஒரு தந்தியின் கதை

சேலத்துல படிக்கிறீங்களா, நாமக்கல்லா? எதுவா இருந்தாலும் சேலம் விஜயராகவாச்சாரியார் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1920 டிசம்பர்ல நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர் நம்ம ஊர் வக்கீல்தான். ஒத்துழையாமை இயக்கத்தை அந்த மாநாடு உறுதி செய்தது. அந்தக் கோபத்துக்கு முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு, பஞ்சாப்ல நடந்த கொடுமை. அதுக்குத் துணை நின்ன பெரிய அதிகாரி கடைசியில என்ன ஆனார், தெரியுமா?

பேர் மைக்கேல் ஓ'டயர். ஜாலியன்வாலா பாக்ல சுடச் சொன்ன ஜெனரல் டயரோட குழப்பிக்காதீங்க. அவர் ராணுவம். இவர் மாகாணத்தையே ஆண்ட லெப்டினன்ட் கவர்னர்.

அயர்லாந்துக்காரர். ஐ.சி.எஸ். பாஸ் பண்ணி 1885-ல் இந்தியா வந்தார். 1913-ல் பஞ்சாப் அவர் கைக்கு வந்தது. முதல் உலகப் போருக்கு அங்கிருந்து ஏராளமான சிப்பாய்கள் போனாங்க. கிராமத்துல மிரட்டி ஆள் பிடிச்சாங்கன்னு புகார்களும் குவிஞ்சது.

1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸ். பத்து நிமிஷத்துல 1,650 ரவுண்டு. அரசுக் கணக்குலயே 379 பேர் பலி. விஷயம் தெரிஞ்சதும் ஓ'டயர் பக்கம் இருந்து டயருக்குப் போன செய்தி என்ன தெரியுமா? 'நீ செஞ்சது சரி'ங்கறதுதான்! மறுநாள் குஜ்ரன்வாலாவுல விமானத்துல இருந்து குண்டு போட்டாங்க. அடுத்து ராணுவச் சட்டம்.

சரி, தண்டனை? டயருக்கு 1920-ல் பதவி போச்சு. ஓ'டயருக்கு? ஒண்ணுமில்லை! பதவிக்காலம் முடிஞ்சு ஊருக்குப் போனார். 'சர்' பட்டம் அப்படியே இருந்தது. 1925-ல் தன் இந்திய அனுபவத்தைப் புத்தகமாவே போட்டார்.

மாட்டிக்கிட்டது யார் தெரியுமா? மெட்ராஸ் ஹைகோர்ட் ஜட்ஜா இருந்த சங்கரன் நாயர். பஞ்சாப் கொடுமையைக் கண்டிச்சு வைஸ்ராய் கவுன்சில் பதவியையே உதறினவர். ஓ'டயரைக் குற்றம் சாட்டி எழுதினார். அதுக்கு லண்டன்ல அவதூறு வழக்கு. 1924-ல் ஜூரியில 11 பேர் ஓ'டயர் பக்கம், ஒருத்தர் மட்டும் எதிர்ப்பு. 500 பவுண்டு நஷ்டஈடு, கூடவே கோர்ட் செலவு. நாயர் மன்னிப்பு மட்டும் கேட்கலை!

1940 மார்ச் 13. லண்டன் காக்ஸ்டன் ஹால். கூட்டம் முடியற நேரம். உத்தம் சிங் சுட்டதுல ஓ'டயர் செத்தார். நாலு மாசம் கழிச்சு உத்தம் சிங்கைத் தூக்குல போட்டாங்க.

பழி தீர்ந்தது, சரி. ஆனா நியாயம் கிடைச்சுதா? 'ஏன் சரின்னு சொன்னே?'ன்னு ஓ'டயரைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தி ஒரு கோர்ட்டும் கேட்கலையே!

அடுத்த போர் முடிஞ்சப்ப நிலைமை கொஞ்சம் மாறிச்சு. போலந்துல ஒரு பகுதியை ஆண்ட நாஜி அதிகாரி ஆர்தர் கிரைசரை அந்த நாட்டு கோர்ட்டே விசாரிச்சு, 1946-ல் தூக்குல போட்டது. 'மேலிடத்து உத்தரவு'ங்கற சாக்கு மட்டும் போதாதுன்னு நியூரம்பெர்க் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

உங்கள்ல பலர் குரூப் ஒன், ஐ.ஏ.எஸ்.னு கனவோட படிக்கிறீங்க. ஜெயிச்சு வாங்க! ஒரு நாள் உங்க மேஜைக்கும் ஒரு ஃபைல் வரும். 'சரி'ன்னு எழுதிக் கையெழுத்து போட ஒரே நிமிஷம்தான் ஆகும். அந்த நிமிஷத்துல இந்தத் தந்தி உங்க ஞாபகத்துக்கு வரட்டும்!